ஸ்பானரில் பொறித்த எண்: கருவித் தரம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இருசக்கர வண்டியை வீட்டிலேயே பழுதுபார்க்க விழைவோர், விலை கூடிய தொழில்தரக் கருவிகளை வாங்குவதா, மலிவான ஸ்பானர் செட் ஒன்றே போதுமா என்று தயங்குவதுண்டு. இதற்கான விடையை ஸ்பானரின் வரலாற்றிலிருந்தே பெறலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பட்டறைகள் தத்தமக்கென மரை அளவுகளை வைத்திருந்தன. ஒரு பட்டறையின் நட்டு மற்றொன்றின் போல்ட்டில் ஏறாது. 1841இல் ஜோசப் விட்வொர்த் பொதுவான மரை அளவுகளை முன்மொழிந்தார். செய்தவர் யாரென அறியாமலேயே ஒரு கருவியை நம்பி வாங்குவதற்கு அது வழிவகுத்தது.

ஆயினும் அளவுகள் பலவாகவே இருந்தன. ஸ்வீடனின் என்ஷோப்பிங் நகரில் 1886இல் பட்டறை தொடங்கிய யோகான் பெட்டர் யோகான்சன், தாடையை நகர்த்தும் ஸ்பானரின் மேம்பட்ட வடிவத்துக்கு 1892இல் காப்புரிமை பெற்றார். நம் பட்டறைகளின் ‘ஸ்க்ரூ ஸ்பானர்’ அதன் வழிவந்தது. ஒரு கருவி பலவற்றின் வேலையைச் செய்ததால் செலவு குறைந்தது; ஆனால் நகரும் தாடைக்குச் சிறு தளர்வு உடன்பிறந்தது.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொணர்ந்தது. அதனோடு ஸ்பானரில் பொறித்த எண்ணின் பொருளும் மாறியது. விட்வொர்த் ஸ்பானரில் அவ்வெண் போல்ட்டின் விட்டத்தைக் குறித்தது. மெட்ரிக் ஸ்பானரில் தாடையின் இடைவெளியைக் குறிக்கிறது. 6 மி.மீ. போல்ட்டுக்குப் ‘பத்தாம் நம்பர்’ ஸ்பானரை மெக்கானிக் கேட்பது இதனால்தான். 1969இல் டபாரியா நிறுவனம் ஸ்வீடன் நிறுவனமொன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் இங்குக் கைக்கருவி உற்பத்தியைத் தொடங்கியது.

ஆக, பொறித்த எண் ஓர் உறுதிமொழி. தரங்குறைந்த எஃகின் தாடை, விசை கூடும்போது சற்றே விரிந்து அவ்வுறுதிமொழியை மீறுகிறது. அழுத்தம் முழுதும் நட்டின் முனைகளில் விழ, அவை மழுங்குகின்றன. அப்போது இழப்பு ஸ்பானரோடு நிற்பதில்லை. எஞ்சினில் சிக்கிய போல்ட்டை அகற்றும் கூலி, நல்ல ஸ்பானரின் விலையையே விஞ்சக்கூடும்.

எனவே முழுத் தொகுப்பையும் உயர்தரத்தில் வாங்க வேண்டியதில்லை. அளவுப் பொருத்தம் இன்றியமையாத இடங்களில், அதாவது அடிக்கடி பயன்படும் 10, 12, 14 எண் ரிங் ஸ்பானர்கள், ஸ்குரூடிரைவர் ஆகியவற்றில், செலவிடலாம். சுத்தியல் போன்றவற்றில் சிக்கனம் காட்டலாம். மாணவர் கைப்பணத்துக்கும் இது ஒத்துவரும்.