பெருவலையமைப்புகளில் மையத் திசைவியும் எல்லைத் திசைவியும்: தேர்வு அளவுகோல்களின் வரலாறு (1988–2019)

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தின் பெருவலையமைப்புகளில் இரண்டு வகைத் திசைவிகள் பயன்படுகின்றன. ஒன்று வலையமைப்பின் உள்ளே நகரங்களை இணைக்கும் மையத் திசைவி; மற்றொன்று பிற வலையமைப்புகளைச் சந்திக்கும் எல்லைத் திசைவி. இவற்றுள் எதனை எங்கு அமைப்பது என்னும் தேர்வு பெரும்பாலும் கொள்ளளவு பற்றிய வினாவாகவே பேசப்படுகிறது. 1988 முதல் 2019 வரையிலான வளர்ச்சியை ஆராயும் இக்கட்டுரை, தேர்வைத் தீர்மானித்தது கொள்ளளவு மட்டுமன்று, கருவியின் எந்த வளம் முதலில் தீரும் என்னும் வினாவே என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திசைவி, வழித்தட அட்டவணை, பியரிங், பி.ஜி.பி., தேடல் நினைவகம், இணைய வரலாறு

முன்னுரை

ரவுட்டர் என வழங்கும் திசைவி இரு பணிகளைச் செய்கிறது. வந்து சேரும் தரவுப் பொதியை உரிய வாயில் வழியே வெளியேற்றுவது முதற்பணி. உலகின் எந்த முகவரித் தொகுதி எந்தத் திக்கில் உள்ளது என்பதை அறிந்து வைத்திருப்பது இரண்டாம் பணி. முன்னது சுமத்தல், பின்னது அறிதல். சுமத்தலுக்கு வேகமான வாயில்கள் வேண்டும். அறிதலுக்கு நினைவகமும் கணிப்புத் திறனும் வேண்டும்.

மையத் திசைவிக்கு அண்டைத் திசைவிகள் சிலவே. ஆனால் ஒவ்வோர் இணைப்பும் மிகப் பெரியது. எல்லைத் திசைவியோ பல நிறுவனங்களின் திசைவிகளோடு வழித்தடச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறது. இவ்வாறு இரு வலையமைப்புகள் தத்தம் பயனர்களுக்கான போக்குவரத்தை நேரடியாக மாற்றிக்கொள்வதே பியரிங் எனப்படும். மைய அண்டையர் ஒரே நிருவாகத்தினர். எல்லை அண்டையர் அயலார். இவ்வேறுபாடே பின்னர் நிகழ்ந்த கருவிப் பிரிவினைக்கு அடிப்படையாயிற்று.

ஒரே கருவி இரு பணிகளையும் ஆற்றிய காலம்

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு வலையமைப்பு 1986-இல் நொடிக்கு 56 கிலோபிட் இணைப்புகளோடு தொடங்கியது. மெரிட், ஐ.பி.எம்., எம்.சி.ஐ. ஆகியவற்றின் கூட்டுறவால் 1988-இல் அது நொடிக்கு 1.5 மெகாபிட் வேகமுள்ள 13 முனைகளாக விரிந்தது. அன்றைய ஒவ்வொரு முனையும் தனித் திசைவியாக இருக்கவில்லை. பொதுவாக ஒன்பது ஐ.பி.எம். கணினிகள் டோக்கன் ரிங் வலையால் பிணைக்கப்பட்ட ஒரு தொகுப்பாக இருந்தது. சுமக்கும் வேலையையும் அறியும் வேலையையும் மென்பொருளே செய்தது.

எல்லை நெறிமுறையும் இதே காலத்தில் உருப்பெற்றது. 1989 சனவரியில் டெக்சாசு மாநிலத்தின் ஆசுட்டின் நகரில் நடந்த இணையப் பொறியியல் பணிக்குழுக் கூட்டத்தின்போது யாக்கோவ் ரெக்டர், கிர்க் லாகீடு ஆகிய இருவரும் உணவு மேசைக் கைத்துடைப்புத் தாள்களில் வரைந்த வடிவமே பி.ஜி.பி. ஆயிற்று. ஒரு செய்தி எந்தெந்த வலையமைப்புகளைக் கடந்து வந்தது என்பதை அந்நெறிமுறை ஏந்திச் சென்றது. எனவே குறுகிய வழியை மட்டுமன்றித் தமக்கு உகந்த வழியையும் நிறுவனங்கள் தெரிவுசெய்ய முடிந்தது. எல்லை என்பது கொள்கை முடிவுகளின் இடமானது இங்குதான்.

1995 ஏப்ரல் 30 அன்று என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை வணிக நிறுவனங்களின் முதுகெலும்புகளும், அவை சந்தித்துக்கொள்ளும் பரிமாற்ற நிலையங்களும் ஏற்றன. ஒரே மையம் இருந்த இடத்தில் பல மையங்களும் பல எல்லைகளும் தோன்றின. மையத்திற்கும் எல்லைக்கும் தனித்தனிக் கருவி தேவையா என்னும் வினா அப்போதுதான் பொருளுடையதாயிற்று.

சுமத்தலின் வளர்ச்சி: தனிச் சில்லுகள்

சுமத்தலையும் அறிதலையும் கருவிக்குள்ளேயே பிரித்த முதன்மை முயற்சிகளுள் ஒன்று ஜூனிப்பர் நிறுவனத்தின் எம்40 ஆகும். செராக்சு பார்க் ஆய்வகத்தில் பணியாற்றிய பிரதீப் சிந்து 1996-இல் தொடங்கிய அந்நிறுவனம் 1998-இல் அக்கருவியை வெளியிட்டது. வழித்தடங்களைக் கணிப்பதற்குத் தனிக் கணிப்பொறியும், பொதிகளை அனுப்புவதற்குத் தனிச் சில்லும் அதில் அமைந்தன. நொடிக்கு 4 கோடிப் பொதிகளை ஆராயும் திறன் அச்சில்லுக்கு இருப்பதாக அறிவிக்கப்பட்டது. வழித்தடச் செய்திகள் குழம்பும் வேளையிலும் பொதிகளின் ஓட்டம் தடைப்படாமை இப்பிரிவின் பயன்.

இதன் உச்சமாகக் கருதத்தக்கது 2004-இல் சிசுக்கோ அறிவித்த சி.ஆர்.எசு.-1 ஆகும். ஒரு செருகிடத்திற்கு நொடிக்கு 40 கிகாபிட் என்னும் அளவில், பல அடுக்குகளை ஒரே திசைவியாகப் பிணைத்து நொடிக்கு 92 டெராபிட் வரை விரிக்கலாம் என அந்நிறுவனம் கூறியது. இத்தகைய கருவிகள் பெருநிறுவனங்களின் மையத்திற்கே உரியனவாயின.

மையத்தில் எவ்வளவு நினைவகம் தேவை என்பதும் இதே ஆண்டில் மறு ஆய்வுக்கு உள்ளானது. நெரிசலின்போது பொதிகளைத் தாங்கும் இடையக நினைவகம், இணைப்பின் வேகத்தையும் சுற்றுப்பயண நேரத்தையும் பெருக்கிய அளவில் இருக்க வேண்டும் என்பது வழக்கிலிருந்த விதி. குய்டோ அப்பென்செல்லர், ஐசக் கெசுலாசி, நிக் மெக்கியோன் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பல ஓட்டங்கள் ஒன்றுசேரும் இணைப்பில் அவ்வளவை ஓட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும் எனக் காட்டியது. 10,000 ஓட்டங்கள் சேரும் இணைப்புக்குப் பழைய விதி கூறியதில் நூறில் ஒரு பங்கே போதும் என்பது இதன் பொருள். மையத் திசைவிக்கு இன்றியமையாதது எனக் கருதப்பட்ட ஒரு செலவினம் இவ்வாறு ஐயத்திற்குள்ளானது.

அறிதலின் சுமை: அட்டவணையின் பெருக்கம்

போக்குவரத்து பெருகிய அதே காலத்தில் வழித்தட அட்டவணையும் பெருகியது. 2001 அளவில் உலகளாவிய அட்டவணையில் ஏறத்தாழ 1,00,000 வழித்தடங்கள் இருந்தன. 2006 அக்டோபரில் இணையக் கட்டமைப்புக் குழு ஆம்சுட்டர்டாம் நகரில் நடத்திய பயிலரங்கு இப்பெருக்கத்தையே முதன்மைச் சிக்கலாக எடுத்துக்கொண்டது. ஒரு நிறுவனம் இரு சேவையாளர்களோடு இணைவது, போக்குவரத்தைப் பங்கிடுவதற்காக ஒரே தொகுதியைத் துண்டுகளாக அறிவிப்பது முதலியவை காரணங்களாகச் சுட்டப்பட்டன. இக்காரணங்களுள் எதற்கும் போக்குவரத்தின் அளவோடு நேரடித் தொடர்பு இல்லை என்பது கருதத்தக்கது. இரு வளர்ச்சிகளும் வெவ்வேறு தூண்டல்களால் நிகழ்ந்தன; ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மதிப்பிட இயலாது.

அறிதலின் சுமையை மையத்திலிருந்து நீக்க எம்.பி.எல்.எசு. வழிசெய்தது. அதன் கட்டமைப்பு ஆவணம் 2001-இல் வெளியானது. எல்லைத் திசைவி ஒரு பொதிக்கு லேபிள் ஒன்றை இடுகிறது; மையத் திசைவிகள் அதனை மட்டும் பார்த்து அனுப்புகின்றன. தம் வலையமைப்பின் எல்லைத் திசைவிகளை அடையும் வழி தெரிந்தால் அவற்றுக்குப் போதும். உலகின் முழு அட்டவணை தேவையில்லை. இம்முறையைப் பின்பற்றிய நிறுவனங்களில் மையத் திசைவி சுமப்பதற்கும், எல்லைத் திசைவி அறிவதற்கும் உரியதாயின. ஒரே கருவிக்குள் நிகழ்ந்த பிரிவு இப்போது கருவிகளுக்கு இடையிலான பிரிவாக மாறியது.

எல்லையில் நிகழும் அறிதல் அட்டவணையை ஏந்துவதோடு முடிவதில்லை; அயலார் கூறுவதை ஆராய்வதும் அதன் கடமை. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிசுத்தான் டெலிகாம், யூடியூபுக்கு உரிய 256 முகவரிகள் கொண்ட தொகுதியைத் தன்னுடையதாக அறிவித்தது. உள்நாட்டுத் தடைக்காக எழுந்த அவ்வறிவிப்பை அதன் மேல்நிலைச் சேவையாளர் வடிகட்டாமல் உலகிற்குப் பரப்பியதால், ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அத்தளம் உலகின் பல பகுதிகளில் எட்டாதிருந்தது. எவ்வளவு கொள்ளளவு இருந்திருப்பினும் இதனைத் தடுத்திருக்க இயலாது. வடிகட்டும் விதிகளை ஏந்தும் திறனும், அவற்றைப் பேணும் நடைமுறையும் எல்லைத் திசைவித் தேர்வின் பகுதியாயின.

2014 ஆகசுட்டு 12: ஒரு சோதனைச் சான்று

மேற்கூறிய இரு வளர்ச்சிகளும் வேறானவை என்பதற்கு 2014 ஆகசுட்டு 12 அன்று நிகழ்ந்தது சிறந்த சான்று. அன்று அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 15,000 கூடுதல் வழித்தடங்கள் சிறிது நேரம் அறிவிக்கப்பட்டன. அதனால் உலக அட்டவணை பலருடைய திசைவிகளில் 5,12,000 என்னும் எல்லையைத் தாண்டியது.

அன்று பரவலாகப் பயன்பட்ட சிசுக்கோ கேட்டலிசுட் 6500, 7600 வரிசைக் கருவிகள் சிலவற்றில் டிகாம் எனப்படும் தேடல் நினைவகம் ஏறத்தாழ 10 இலட்சம் பதிவுகளை ஏற்கும். ஆயினும் அதன் தொடக்க அமைப்பு, ஐ.பி. நான்காம் பதிப்புக்கு 5,12,000 இடங்களையே ஒதுக்கியிருந்தது. எஞ்சியவை ஆறாம் பதிப்பு முதலியவற்றுக்கு உரியவை. எல்லையைத் தாண்டிய வழித்தடங்களுக்குரிய பொதிகள் வன்பொருளை விட்டு மென்பொருள்வழிச் சென்றன. அவ்வேகம் போதாமையால் பல இடங்களில் இணைப்புகள் தளர்ந்தன. பங்கீட்டை மாற்றித் திசைவியை மறுதொடக்கம் செய்வதே தீர்வு. இத்தகைய நிலை வரும் என அதே ஆண்டு மே மாதத்தில் சிசுக்கோ எச்சரித்திருந்தது.

இந்நிகழ்வில் வாயில்கள் நிரம்பவில்லை. போக்குவரத்து வழக்கத்தினும் மிகவில்லை. நினைவகமும் முழுமையாகத் தீரவில்லை. அதன் ஒரு பங்கு மட்டுமே தீர்ந்தது. கொள்ளளவைக் கொண்டு அக்கருவிகளைத் தெரிந்தெடுத்தோர், அவை பயனற்றுப்போகும் நாளை அதனைக் கொண்டு அறிந்திருக்க முடியாது என்பது இதனால் பெறப்படுகிறது.

பிரிவினையின் மறுவரைவு

இதன் பின்னர் இரு திசைகளில் மாற்றம் நிகழ்ந்தது. முதலாவது, எல்லைத் திசைவியின் பணிகளைப் பிரித்தல். கூகுள் நிறுவனம் 2017-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட எசுப்ரெசோ என்னும் அமைப்பில், அயலாரோடு பி.ஜி.பி. பேசும் பணி பொதுவான சேவைக்கணினிகளுக்கு மாற்றப்பட்டது. உலக அட்டவணையும் அங்கேயே இருந்தது. எல்லையில் எஞ்சிய கருவி, லேபிளைப் பார்த்து அனுப்பும் எளிய ஸ்விட்ச் மட்டுமே. கூகுளிலிருந்து இணையத்திற்குச் செல்லும் போக்குவரத்தில் 22 விழுக்காட்டுக்கு மேல் இதன்வழிச் செல்வதாக அக்கட்டுரை தெரிவித்தது. முன்பு மையத்திற்கு நேர்ந்ததே இங்கு எல்லைக்கும் நேர்ந்தது: அறிதல் வேறிடம் பெயர்ந்தது, சுமத்தல் எளிமையாயிற்று.

இரண்டாவது, இரு பணிகளையும் மீண்டும் ஒரே சில்லில் இணைத்தல். 2019 திசம்பரில் சிசுக்கோ அறிவித்த சிலிக்கன் ஒன் வரிசை, நொடிக்கு 10 டெராபிட்டுக்கு மேற்பட்ட கொள்ளளவோடு வலையமைப்பின் பல இடங்களுக்கும் ஒரே கட்டமைப்பு என்னும் நோக்கை முன்வைத்தது. ஆயினும் கருவி ஒன்றானமையால் பணி ஒன்றாகிவிடவில்லை. மையத்தில் அச்சில்லின் வேகம் பயன்கொள்ளப்படும். எல்லையில் அதன் அட்டவணையும் வடிகட்டிகளும் பயன்கொள்ளப்படும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன.

1. மையத் திசைவி, எல்லைத் திசைவி என்னும் பிரிவு கருவியின் இயல்பால் அமைந்ததன்று. சுமத்தல், அறிதல் என்னும் இரு பணிகள் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்ததன் விளைவு.

2. கருவிநுட்பம் மாறுந்தோறும் பிரிவினைக் கோடும் இடம்பெயர்ந்துள்ளது: கருவிக்குள்ளும், கருவிகளுக்கிடையிலும், திசைவிக்கும் சேவைக்கணினிக்கும் இடையிலும் அது வரையப்பட்டுள்ளது.

3. 2014-ஆம் ஆண்டு நிகழ்வு காட்டுவதுபோல, ஒரு திசைவியின் ஆயுளை அதன் மிகப் பெரிய எண் தீர்மானிப்பதில்லை. முதலில் தீரும் வளமே தீர்மானிக்கிறது.

ஆகவே பெருவலையமைப்புக்குத் திசைவி தெரிவோர் எவ்வளவு சுமக்கும் என்பதோடு, எவ்வளவு அறியும், அவ்வறிவுக்கான இடம் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது, எந்த ஆண்டில் அது நிரம்பும் என்பவற்றையும் வினவுதல் இன்றியமையாதது.