முதியோர் உடற்பருமனும் முழங்கால் உறுதியும்

உடல் பருத்த முதியவர் நிற்கும்போதும் படியிறங்கும்போதும் முழங்கால் மடங்கிவிடாமல் எடையைத் தாங்குவது பெரும்பாலும் தொடைத்தசைகளின் வலிமையைப் பொறுத்தது. புதுச்சேரியில் இது கவலையோடு பேச வேண்டிய செய்தி. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கு 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டோர் எடை மிகுந்தவர்கள். நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களில் இதுவும் ஒன்று. இந்தத் தலைமுறைதான் நாளைக்கு முதுமையை எட்டப்போகிறது.

முழங்காலில் எலும்புகளின் பிடிப்பு குறைவு. கணைக்கால் எலும்பின் மேற்பரப்பு ஏறத்தாழத் தட்டையானது. அதன்மேல் தொடையெலும்பின் உருண்ட முனை அமர்கிறது. நான்கு பெரிய ஜவ்வுகளும் பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. அசையும் முழங்காலைக் கட்டுக்குள் வைப்பவை முன்தொடையின் நாற்தலைத் தசையும் பின்தொடைத் தசைகளும். ஏறுவதைவிட இறங்கும்போது பலர் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு: உடல் கீழே போகும்போது நாற்தலைத் தசை நீண்டுகொண்டே எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அது தளர்ந்தவர்கள்தான் மருத்துவரிடம், "முட்டி திடீர்னு விட்டுப்போகுது" என்பார்கள். மூட்டில் நீர் கோத்தால் அந்தத் தசையை இயக்கும் நரம்புத் தூண்டலும் மங்குகிறது. வலியும் தளர்ச்சியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

பருத்தவரின் கால் பார்வைக்குத் தடித்திருக்கும். அளந்தால் மொத்த வலிமைகூட மெலிந்தவரைவிட அதிகமாக வரலாம். சுமக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு வலிமை என்று கணக்கிட்டால்தான் பற்றாக்குறை தெரியும். 50 வயதுக்குப் பின் தசை ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் குறைகிறது, வலிமை அதைவிட வேகமாகக் குறைகிறது. தசைக்குள்ளும் கொழுப்பு படிகிறது. கொழுப்பு மிகுதியும் தசைக்குறைவும் சேர்ந்திருக்கும் இந்நிலையை எடை காட்டும் கருவி காட்டாது. 43 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடிகளில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணும் எளிய சோதனை ஓரளவு காட்டிவிடும்.

எடை குறைந்தால் முழங்காலுக்குப் பெரிய ஆறுதல். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மீதான சுமை சுமார் நான்கு கிலோ குறைவதாக அமெரிக்க ஆய்வாளர் மெஸ்ஸியர் குழு 2005இல் காட்டியது. ஆனால் பட்டினி கிடந்து இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும். முதியவருக்கு அது நல்லதல்ல. 2017இல் வெளியான வில்லரியல் குழுவின் ஆய்வில், பருத்த முதியோர் 160 பேரில், எடை குறைப்போடு நடைவகைப் பயிற்சியையும் பளுப்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் உடல் இயக்கத் திறன் 21 சதவீதம் உயர்ந்தது. ஒன்றை மட்டும் செய்தவர்களுக்கு 14 சதவீதம்தான். மாலையில் வாகனம் விடாத புதுவைக் கடற்கரைச் சாலை நடப்பவர்களுக்குப் பெரும் வரம். ஆனால் சமதளத்தில் நடப்பது மட்டும் தொடைக்குப் போதாது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பிடித்தல் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். சோற்றைக் குறைப்பவர்கள் பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் குறைக்கக் கூடாது.

புதுவையில் 'சொல்தா' என்று அழைக்கப்படும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர்கள் விரும்பி ஆடும் பெத்தாங் விளையாட்டின் பிறப்பே மூட்டு நோயோடு தொடர்புடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லா சியோத்தா ஊரில், வாதத்தால் ஓடிவந்து எறிய முடியாமல் போன ஜூல் லெனுவாருக்காக, நின்ற இடத்திலிருந்தே குண்டை எறியும் விதி வகுக்கப்பட்டதாக வரலாறு. எறிந்த குண்டைத் தரையிலிருந்து எடுக்கத்தான் முழங்கால் மடங்க வேண்டும். முடியாதவர்கள் நூலில் கட்டிய காந்தத்தால் தூக்குகிறார்கள்.

தேய்மானம் முற்றியவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை உண்டு. அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் நாற்தலைத் தசையின் வலிமை பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். அதனால் தொடைப் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கி, பின்னரும் மாதக்கணக்கில் தொடர வேண்டும்.