தைக்காட்டு ஆஸ்பத்திரியும் பரம்பரை நோயும்

சோதனைக் குழாயில் கர்ப்பிணியின் சிறுநீரை முக்கால் அளவு எடுத்து, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார்கள். கொதித்து வெண்மையாகத் திரண்டால், சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவார்கள். அப்போதும் கலங்கல் தெளியாவிட்டால் அல்புமின் என்ற புரதம் இறங்குகிறது என்று பொருள். பேறுகால வலிப்பு கண்ட பெண்களிடம் இந்தக் கலங்கலை 1843-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர் கண்டு எழுதினார்.

அந்தக் குழாய் பயன்படவேண்டுமானால் முதலில் கர்ப்பிணி ஆஸ்பத்திரிப் படி ஏறவேண்டும். திருவிதாங்கூரில் அது எளிதாக நடக்கவில்லை. பிரசவம் வீட்டிலேயே, வயத்தாட்டி எனும் மருத்துவச்சியின் கையில்தான்.

1916-ல் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவராகச் சேர்ந்தார் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் திருவனந்தபுரத்தில் அறிவியல் படிக்க இடம் கிடைக்காமல், வரலாறு படித்துப் பட்டம் வாங்கி, பிறகு லண்டன் போய் மருத்துவரானவர். வயத்தாட்டிகளை அவர் பகைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி கொடுத்தார். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவில் காசநோய் சானடோரியமும் அவர் முயற்சியில் வந்ததே.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-ல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் வளாகத்தில் வந்த தாய் சேய் மருத்துவமனைக்கு, ஆறு வயதில் இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசன் ஸ்ரீ அவிட்டம் திருநாளின் பெயர். ஊர் அதை எஸ்.ஏ.டி. என்றே சொல்கிறது.

பரம்பரைச் சிறுநீரக நோய் சில பெண்களிடம் முதலில் வெளிப்படுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். பாலிசிஸ்டிக் கிட்னி நோயில் இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் ஓசையில்லாமல் பெருகும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. முப்பது வயதைத் தாண்டித்தான் பலருக்கும் தொந்தரவு தெரியும். அதற்குள் கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்திருக்கும். கர்ப்பத்தில் ஏறும் ரத்த அழுத்தமே சிலருக்கு முதல் தடயம்.

சிறுநீரகம் நன்றாக வேலை செய்து, அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். அழுத்தம் முன்பே கூடியிருந்தாலோ சிறுநீரகம் தளர்ந்திருந்தாலோ, பேறுகால வலிப்புக்கு முந்தைய நிலையான முன்சூல்வலிப்பும் குறைமாதப் பிரசவமும் வரும் ஆபத்து அதிகம். எனலாபிரில் போன்ற மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். மருத்துவர் அவற்றை மாற்றித் தரவேண்டும். "உங்க அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கிட்னி தொந்தரவு இருந்ததா?" என்று முதல் செக்கப்பிலேயே கேட்டுவிட்டால் இதில் பாதி தெரிந்துவிடும். மூன்று தலைமுறைப் பிரசவம் பார்த்த வயத்தாட்டிக்கு அந்த வீட்டுக் கதை மனப்பாடம். ஆஸ்பத்திரிச் சீட்டில் அதற்கு ஒரு வரியாவது ஒதுக்கவேண்டும்.

2004 முதல் கேரள மகப்பேறு மருத்துவர்கள் தாய் மரணங்களை ரகசியமாக ஆராய்கிறார்கள். கோப்பில் தாயின் பெயர், மருத்துவரின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர் எதுவும் இராது. பழி யார்மீது என்று தேடாமல், எங்கே தவறியது என்று மட்டும் பார்க்கிறார்கள். ரத்தப்போக்குக்கு அடுத்து அவர்கள் கண்ட பெரிய காரணம் ரத்த அழுத்தம். 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்குக் கேரளத்தில் இறந்த தாய்மார் 19. இந்தியா முழுமைக்கும் 97.