அரைப்படி நெல்லும் இலவச அரிசியும்

"இலவச அரிசி குடுத்துக் குடுத்தே சனங்களச் சோம்பேறி ஆக்கிட்டாங்க." இதைக் கேட்காத தோழர் யாராவது இருக்கிறீர்களா? டீக்கடையில் கேட்டிருப்போம், பேருந்தில் கேட்டிருப்போம், கல்லூரி வகுப்பறையிலேயே கேட்டவர்களும் உண்டு. 2018 நவம்பரில், ரேஷன் அரிசிக் கடத்தல் தொடர்பான ஒரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு ஒன்றும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும், மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், வேலைக்கு வடமாநிலத்திலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது என்கிற தொனியில்.

கிராமத்தில் இதை அதிகம் சொல்கிறவர் யாரென்று பாருங்கள். பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவர். "ஆளே கிடைக்கல" என்பதுதான் அவருடைய அடுத்த வரி. அப்படியானால் முன்பு எப்படிக் கிடைத்தார்கள்? அவர் கூப்பிட்ட நேரத்துக்கு, அவர் சொன்ன கூலிக்கு ஏன் வந்தார்கள்? சோம்பல், சுறுசுறுப்பு என்று குணம் பேசாமல் அடுப்பைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சமூகவியல் முதுகலையில் விவசாயக் கூலி பற்றி நாங்கள் படித்த பக்கங்களில் நிலம் இருந்தது, குத்தகை இருந்தது, கூலி இருந்தது. சாயங்காலம் அந்தக் கூலி என்னவாகச் சமைக்கப்பட்டது என்பது இல்லை. களத்தில் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து பேசும்போது முதலில் வருவது அதுதான்.

தஞ்சை டெல்டாவிலிருந்து தொடங்குவோம். அங்கே பண்ணையாள் என்பவர் தினக்கூலி கிடையாது. குடும்பத்தோடு ஒரு மிராசுதாரரின் பண்ணைக்குக் கட்டுப்பட்டவர். சாணிப்பாலும் சவுக்கடியும் அங்கே தண்டனையாக இருந்த காலம் அது. கூலி பணமாக வராது, நெல்லாக வரும். நெல் என்றால் சோறு இல்லை, இதைக் கவனியுங்கள். இருட்டிய பிறகு நெல்லை அளந்து முந்தானையில் வாங்கிக்கொண்டு வருகிற பெண், அதை வறுத்தோ அவித்துக் காயவைத்தோ, உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, பிறகுதான் உலை வைக்கவேண்டும். வயலில் நாள் முழுக்கக் குனிந்து நின்றவளுக்கு வீட்டில் இன்னொரு வேலை காத்திருந்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகே கஞ்சி வெந்த வீடுகள் ஏராளம். இரண்டு படி நெல்லைக் குத்தினால் சுமாராக ஒரு படி அரிசி தேறும். பதர் கலந்திருந்தால் அதுவும் தேறாது. வாங்குகிற மரக்கால் ஒன்று, கொடுக்கிற மரக்கால் வேறொன்று என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆக, இன்று உன் வீட்டில் உலை கொதிக்குமா என்பதை முடிவு செய்தவர் பண்ணையார். இதைவிட வலுவான சவுக்கு எதுவும் தேவையில்லை. வாய்தவறி ஒரு சொல் எதிர்த்துப் பேசினால் நாளைக்கு நெல் இல்லை. சேமிப்பு கிடையாது, கடையில் வாங்கக் காசு கிடையாது, வேறு பண்ணைக்குப் போனால் அங்கேயும் சேர்க்கமாட்டார்கள்.

கம்யூனிஸ்ட் இயக்கம் கீழத்தஞ்சையில் வேரூன்றியபோது கேட்ட கோரிக்கைகளில் பாதி இந்த அளவைப் பற்றியவை. 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பல மிராசுதாரர்கள் பண்ணையாட்களை நீக்கிவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். கூலி அப்போதும் நெல்லில்தான்.

இப்போது இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. ஊரெங்கும் அரிசித் தட்டுப்பாடு. காங்கிரஸ் தோற்றதற்கு இந்தி எதிர்ப்போடு அதுவும் ஒரு காரணம். அண்ணா முதல்வரானதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, அதே அண்ணா முதல்வராக இருக்கும்போது, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். செங்கொடியை இறக்க மறுத்ததும் சங்கத்தை விடாததும் காரணங்கள். போராட்டத்தின் மையத்தில் இருந்தது நெல் கூலி. மக்கள் நினைவில் அது "அரைப்படி நெல்" என்றே நிற்கிறது. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் அரைப்படி நெல் என்பது கால்படி அரிசி. நகரத்தில் ரூபாய்க்கு ஒரு படி கிடைத்துக்கொண்டிருந்தபோது, அந்த அரிசியை விளைவித்த மண்ணில் கால்படிக்கு இந்த விலை.

எதிர்த்தரப்புச் சங்கத்தின் பெயரையும் மறக்கவேண்டாம்: நெல் உற்பத்தியாளர் சங்கம். நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்து, தூற்றியவர்கள் கூலிக்காரர்கள். வரப்பில் நின்றவர்கள் உற்பத்தியாளர்கள்! குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானது உங்களுக்குத் தெரியும். 1969-இல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

டெல்டாவுக்கு வெளியே கதை வேறு. தர்மபுரி, சேலம், வடாற்காடு, கொங்கு, ராமநாதபுரம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் அன்றாடம் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, சோளச்சோறு, வரகு. அரிசி வெந்தால் அதற்கு "நெல்லுச்சோறு" என்று தனிப்பெயர். தீபாவளி, பொங்கல், கல்யாணம், கருமாதி, அவ்வளவுதான். நிலம் வைத்திருந்த இடைநிலைச் சாதி வீடுகளிலும் தினசரி உணவு கூழும் களியும்தான் என்பது உண்மை. ஆனால் அங்கே குதிர் நிறைந்திருந்தது, மோர் ஊற்றிக்கொள்ள மாடு இருந்தது. பண்ணையத்தில் இருந்த அருந்ததியர் குடும்பத்துக்குத் தானியம் எசமானர் அளந்து போட்டால் உண்டு. பல ஊர்களில் சாதி இந்து வீடுகளில் ராத்திரி மிஞ்சியதை வாசலில் நின்று வாங்கும் ஊர்ச்சோறு வழக்கமும் இருந்தது. 1927 மார்ச்சில் மகாடில் பாபாசாகேப், செத்த மாட்டின் இறைச்சியையும் வீசியெறியப்பட்ட மிச்சத்தையும் இனித் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது இந்தப் பின்னணியில் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியது. கேள்வி கறியைப் பற்றியது மட்டுமில்லை, அது யார் கையிலிருந்து எப்படி வருகிறது என்பதைப் பற்றியது.

(மாட்டுக்கறி பற்றி நம் தோழர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றானதும், எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டதும் நினைவிருக்கும். அரிசி பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. தினமும் தட்டில் இருப்பதாலோ என்னவோ.)

கூழுக்கும் கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ள வயல்தான் காய்கறிக்கடை. வயல் நண்டு, நத்தை, கெண்டைப்பொடி, களை பறிக்கும்போதே மடியில் சேரும் பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை. சந்தையில் காசு கொடுத்து வாங்கியது உப்பு, மிளகாய், கருவாடு. 1960-களில் தஞ்சையில் தீவிர வேளாண்மைத் திட்டம், ஆடுதுறை 27 நெல், உரம், பூச்சிமருந்து எல்லாம் வரிசையாக வந்தன. விளைச்சல் கூடியது, மறுக்கவில்லை. வயலில் நண்டும் நத்தையும் குறைந்தன. பசுமைப் புரட்சியின் வரவுசெலவில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது இருக்கிறது; கூலிக்காரர் வீட்டுக் குழம்பிலிருந்து காணாமல் போனவை எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ரேஷன் முதலில் நகரத்துத் திட்டம். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசம் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, சென்னையில் பங்கீடு வந்தது. 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார். 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. 1970, 80-களில் கடைகள் கிராமங்களுக்குப் பரவின. இதுவரை பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது 1997-ஐப் பற்றி.

அந்த ஆண்டு ஒன்றிய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று அட்டைகளைப் பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்கவில்லை. எல்லோருக்கும் பொது என்றே தொடர்ந்தது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2016 நவம்பரில் தமிழ்நாடு அதில் சேர்ந்தபோதும் பொது விநியோகம் பொதுவாகவே நின்றது. "பணக்காரனுக்கு எதுக்கு அரிசி?" என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால் அதை யார் எழுதுவார்கள்? ஊரில் செல்வாக்குள்ளவர் திண்ணையில் உட்கார்ந்து எழுதப்படும் பட்டியலில் காலனிக்காரர் பெயர் சேர வேண்டுமானால் மறுபடி அவர் வாசலில் போய் நிற்கவேண்டும். பட்டியலே இல்லாதபோது யாரிடமும் நிற்கவேண்டியதில்லை. அட்டை இருந்தால் போதும். "ஏழைகளுக்கு மட்டும்" என்பதைக் கேட்டு நம்மில் சிலர்கூடத் தலையாட்டுகிறார்கள். அந்த இரண்டு சொற்களுக்குள் திண்ணை ஒளிந்திருக்கிறது.

2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் 20 கிலோ. கூடவே நூறுநாள் வேலைத்திட்டமும். அடுப்புக்கு அடிப்படை உறுதியானதும் கூலிக்காரர் முதல்முறையாக "இந்தக் கூலிக்கு வரமுடியாது" என்று சொல்ல முடிந்தது. கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போகிற பிள்ளைகளுக்குப் பின்னால் வீட்டில் சோறு இருக்கிறது என்ற தைரியம் இருந்தது. கோவைப் பகுதிக் கிராமங்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து ஆய்வு செய்த ஜூடித் ஹேயர் போன்றவர்களும், ரேஷன், சத்துணவு போன்ற திட்டங்கள் தலித் குடும்பங்களின் வாழ்வில் ஏற்படுத்திய மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். "சோம்பேறி" என்று திட்டப்படுவது இந்தப் பேரம் பேசும் வலுதான்.

ரேஷனைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அரிசியில் வாடை, பழுப்பு, கல் எல்லாம் உண்டு. பல வீடுகளில் அதை மாவுக்கு ஒதுக்கிவிட்டுச் சோற்றுக்குக் கடை அரிசி வாங்குகிறார்கள். அதைவிட முக்கியம் கடை எங்கே இருக்கிறது என்பது. நான் வேலை செய்த ஒரு கிராமத்தில் கடை ஊர்த்தெருவில். ஊர்க்காரர்கள் வாங்கி முடிக்கும்வரை காலனிப் பெண்கள் தள்ளி நிற்பார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, வரிசை தானாக அப்படி அமையும். பருப்பு, எண்ணெய் தீர்வதும் பெரும்பாலும் அதற்குள் நடந்துவிடும். காலனிக்குள் பகுதிநேரக் கடை வேண்டும் என்று பல இடங்களில் மனு கொடுக்கப்படுவது நடைத் தூரத்தை நினைத்து மட்டுமில்லை.

அரிசிக்கு வெளியே மற்ற சாமான்களுக்கு மளிகைக்கடைக் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. தினக்கூலி வீட்டில் மாதச் சாமான் என்ற வழக்கமே கிடையாது. பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஒரு சின்ன மசாலா பொட்டலம், கால் கிலோ தக்காளி. இப்படி வாங்குகிறவருக்குத்தான் கிலோ விலை அதிகம் விழுகிறது. 2007-இல் துவரம்பருப்பும் உளுந்தும் பாமாயிலும் சலுகை விலையில் ரேஷனுக்கு வந்ததும் இந்தச் செலவில் ஒரு பங்கு குறைந்தது. பண்டிகைக்கு மட்டும் சுட்ட இட்லி, தோசை வாரத்தில் பல நாள் வந்தது; 2011-க்குப் பின் கிடைத்த இலவச கிரைண்டர் ஆட்டுக்கல்லிலிருந்து பெண்களை எழுப்பிவிட்டது. உரலில் நெல் குத்திய பாட்டியின் பேத்தி பட்டன் தட்டி மாவு ஆட்டுகிறாள். அவள் மகள் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறாள். கூடவே சர்க்கரை வியாதியும் வந்திருக்கிறது. தட்டு நிறைய வெள்ளை அரிசி, குழம்பில் பாமாயில், பக்கத்தில் முட்டையோ கறியோ கீரையோ குறைவு. காரணம் அறியாமை என்று வகுப்பெடுக்க வருகிறவர்களிடம் ஒரு கிலோ கறியின் விலையைக் கேட்கலாம்.

இந்த இடத்தில்தான் சிறுதானியம் திரும்பி வருகிறது. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் வரகும் சாமையும் தினையும் கிலோ நூறு ரூபாய்க்கு மேல், அழகான உறையில், "பாரம்பரிய உணவு" என்ற எழுத்தோடு. யாருடைய பாரம்பரியம் என்று அந்த உறையில் எழுதியிருக்காது. கூழ் குடித்ததற்காகக் கேலி செய்யப்பட்டவர்கள், நெல்லுச்சோறு தினமும் சாப்பிடுவதையே மரியாதையாக எண்ணி அரிசிக்கு வந்தவர்கள். அவர்களிடம் போய் "அந்தக்கால உணவுக்குத் திரும்புங்கள்" என்பது எனக்கு உவப்பாக இல்லை. கேழ்வரகு நல்ல தானியம், சந்தேகமில்லை.

2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இது மற்ற மாவட்டங்களுக்கு விரிவாகுமானால் தோழர்கள் கவனிக்க வேண்டியது "பதிலாக" என்ற சொல்லை. அரிசியின் அளவில் கைவைக்காமல், அதற்கு மேல் கூடுதலாகக் கேழ்வரகும் பருப்பும் முட்டையும் கொடு என்பதுதான் கிராமசபையில் நாம் வைக்கவேண்டிய கோரிக்கை. காலனிக்குள் கடை இல்லாத ஊர் என்றால் அதையும் அதே மனுவில் எழுதுங்கள்.