வாசலுக்கு வெளியே பெய்யும் மழை

பிரம்மதேசம் பக்கமிருந்து மரக்காணம் உப்பளத்துக்குச் சைக்கிளில் போகிற ஒருவரிடம், 'மழைக்காலத்துல எப்படி வேலைக்குப் போவீங்க?' என்று கேட்டேன். கேள்வியே தப்பு என்பது அவர் சிரித்த சிரிப்பில் தெரிந்தது. 'மழ பேஞ்சா உப்பு ஏது சார்? அப்ப வேல தேடித்தான் சைக்கிள எடுக்கணும்' என்றார்.

மழையைப் பயணத்துக்கு வரும் இடைஞ்சலாக மட்டுமே நான் பார்த்திருக்கிறேன். அது மாதச் சம்பளக்காரனின் பார்வை. அவருக்கோ மழை என்பது கூலியே இல்லாமற்போவது. ஐப்பசியில் பாத்திகள் மூழ்கினால், நீர் வடிந்து, பாத்தியைச் சீர்செய்து, மறுபடி உப்பு விளைகிறவரை கட்டட வேலை, வயல் வேலை என்று ஊர் ஊராக மிதிக்க வேண்டும். யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்காமல், எதிரே கொண்டல் தள்ள. ஆக, உப்பளத்துக்குப் போகாத மாதங்களில்தான் சைக்கிள் மழையில் நனைகிறது. இந்த மிதிப்பு வேலையா, இல்லையா? வேலை எங்கே தொடங்குகிறது?

நம் பழைய பிரதியில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். மரக்காணத்துக்கு வடக்கே கிடக்கும் நிலம் அது. அவர் சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பாரும் உண்டு. அந்நூலில் வருகிற உமணர் பிள்ளைகுட்டிகளோடு வண்டியில் உப்பு கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு வழிதான் தொழில். 'ஆற்றுப்படை' என்ற இலக்கிய வகையே வழியைச் சொல்வதுதான். வழி வேறு, வேலை வேறு என்று பிரித்தது பிற்காலத்து ஆலை வாசல். ஆலைக் கடிகாரம் தொழிலாளியின் உடலுக்குள் புகுந்த கதையை ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதினார். அந்தக் கடிகாரம் வாசலுக்கு உள்ளேதான் ஓடும். வெளியே மிதித்த ஒரு மணி நேரம் அதன் கணக்கில் ஏறாது.

சைக்கிள் விடுதலையின் சின்னம் என்ற வாசிப்பு நம்மிடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியதைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அதே சைக்கிளுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. குடியிருப்பு கட்டித் தராமல், வண்டி விடாமல், தொலைவிலிருக்கும் உடலை விடியுமுன் பாத்திக்குக் கொண்டுவந்து சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் தலையிலேயே அது கட்டிவிடுகிறது. செயினை உப்புக் காற்று தின்னும். புதுச் செயின் அவர் காசு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எவ்வளவு தூரம், எதில் போகிறாய் என்று கேட்டது. சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிள் என்றார்கள். விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் அது கேட்கவேயில்லை.

வாசலுக்கு வெளியே பெய்யும் மழை யாருக்குச் சொந்தம் என்பதைச் சட்டம் ஒருமுறை நேராகவே சொல்லியிருக்கிறது; அதுவும் ஓர் உப்பளத்தை வைத்து. 1952 ஜூன் 12 அன்று, போர்பந்தரில் உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வீடு திரும்புகையில் கழியைக் கடந்த படகு கவிழ்ந்தது. மோசமான வானிலை ஒரு காரணம், அளவுக்கு மீறிய பாரம் இன்னொன்று. சிலர் மூழ்கி இறந்தார்கள். நட்டஈடு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வேலையிடத்துக்குக் கருத்தளவில் ஒரு 'நீட்சி' உண்டு என்று 1958இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நீட்சி கழிவரை எட்டவில்லையாம். பொதுவழிக்கு வந்துவிட்ட பிறகு அவர்கள் தொழிலாளர்கள் அல்ல, பொதுமக்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் தோற்றன.

இந்தக் கோடு நகர வெகுகாலம் பிடித்தது. 2003இல் சர்க்கரை ஆலைக்கு இரவில் மோட்டார் சைக்கிளில் போகும்போது இறந்த காவலாளியின் வழக்கில், 2025 ஜூலையில், வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்ததாகலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. நேரம், இடம், சூழல் மூன்றுக்கும் வேலையோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 22 ஆண்டு காத்திருந்த குடும்பத்துக்கு நீதி. வரவேற்க வேண்டியதுதான்.

ஆனாலும் என் கேள்விக்குச் சிரித்தவரிடம் இந்தத் தீர்ப்பைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? உப்பு விளையும் மாதங்களில் அவர் விடியற்காலை இருட்டில் விழுந்தால், யார் வேலைக்குப் போனார் என்று காட்டப் பெரும்பாலும் ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது. மழை மாதங்களிலோ அதுவும் தேவைப்படாது. வேலை தேடிப் போகிறவருக்கு முதலாளியே இன்னும் பிறக்கவில்லை. நீட்சி எங்கிருந்து தொடங்கும்? 2020இல் நிவர், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையில்தான் ஏறின. அப்போதும் சாலையில் அவர் சட்டத்தின் கண்ணுக்குப் 'பொதுமக்களில் ஒருவர்'.

தொழிற்சங்கக் கோரிக்கைகளில் கூலிக்கும் போனசுக்கும் பக்கத்தில் வழிக்கு ஒரு வரி வேண்டும். மழை மாதங்களுக்கு நாம் கேட்கும் 'நிவாரணம்' என்ற சொல்லையும் யோசிக்க வேண்டும். வேலைக்காகக் காத்திருப்பதும் தேடி மிதிப்பதும் அடுத்த பருவத்து உப்புக்கு ஆளைத் தயாராக வைத்திருக்கும் உழைப்பு. அதற்குத் தருவதைக் கூலி என்று சொல்லிப் பழகுவோம்.