தண்ணீர் எங்கே போனது? - மலைச்சாலையும் கொதிக்கும் இன்ஜினும்

தேனி மாவட்டத்தில் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு பக்கம் மலை தெரியும். வடுகபட்டிக்கு வடக்கே தெரிவது கொடைக்கானல் மலை. அதன் மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி வருகிறது. பூண்டு இறங்குவது சுலபம், வண்டி ஏறுவதுதான் கஷ்டம்! காட்ரோட்டில் தொடங்கினால் சுமார் 50 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். (காட்ரோடு என்றதும் வெளியூர்க்காரர்கள் காட்டுக்குள் போகிற ரோடு என்று நினைத்துக் கொள்கிறார்கள். அது மலைப்பாதையைக் குறிக்கும் ஆங்கிலக் 'காட் ரோடு'.) மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போனால் 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு, அதற்குத் தெற்கே கம்பம்மெட்டு, குமுளி. ஆக, இந்தப் பகுதியில் வண்டி ஓட்டக் கற்றவர் யாராக இருந்தாலும் மலை ஏறக் கற்றவராகவும் இருப்பார்.

அப்படிக் கற்றவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: வண்டி கொதித்தால் நிறுத்து, தண்ணீர் ஊற்று, கிளம்பு. பல பத்தாண்டுகளாக இந்தப் பாடம் வண்டிகளைக் காப்பாற்றியது. பிறகு அதே பாடம் இன்ஜின்களைக் கொல்ல ஆரம்பித்தது. இது எப்படி நடந்தது என்பது ஒரு சுவையான சரித்திரம்.

மலைக்கு மோட்டார் வருவதற்கு முன்னால் ஏறியவை மனிதர்களின் கால்கள்தான். 1845ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1875ல் மதுரைக்கு ரயில் வந்தபின், பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கி மாட்டு வண்டியில் பெரியகுளத்துக்கு அருகே உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து சுமார் 12 மைல் ஒற்றையடிப் பாதை. குதிரையில் ஏறலாம், நடக்கலாம், காசு இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து கூலியாட்களின் தோளில் ஏறலாம். பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர் வந்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் 'லாஸ் காட் ரோடு' மோட்டார் வண்டிகளுக்கு வழிவிட்ட பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு. சுமை இன்ஜினுக்கு மாறியது.

அந்தக் காலத்து இன்ஜின் எப்படிப்பட்டது? பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சூட்டில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதே இல்லை. கொஞ்சம் புகையோடு வெளியேறும், கொஞ்சம் இரும்பிலேயே தங்கும். தங்கியதை எடுத்துப் போகத்தான் தண்ணீர். 1886ல் வந்த பென்ஸின் முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும், போகப் போக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். 1888ல் பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து பிஃபோர்ஸ்ஹைம் வரை அந்த வண்டியை ஓட்டிச் சென்றபோது வழியெல்லாம் தண்ணீர் தேடினார். மலையோரச் சுனையில் வாளியோடு இறங்கிய நம்மூர் கிளீனர்களுக்கு அவர்தான் முன்னோடி என்று சொன்னால் தப்பில்லை! 1900 டிசம்பரில் வில்ஹெல்ம் மேபாக் 8,070 சின்னஞ்சிறு குழாய்களைச் சேர்த்துத் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டரை மெர்சிடிஸ் வண்டிக்காகச் செய்தார். அதன் பிறகு 9 லிட்டர் தண்ணீரே சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்தது.

ஆனாலும் கொதிப்பு நிற்கவில்லை. ஃபோர்டின் மாடல் டி காரில் (முதல் சில ஆயிரம் வண்டிகள் தவிர) தண்ணீர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும் என்ற இயற்கை விதியை நம்பி ஓடிய வண்டி அது. தண்ணீர் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே இறங்கினால் ஓட்டமே நின்றுவிடும். அப்போது தண்ணீர் ஊற்றுவது வெறும் முதலுதவி இல்லை, அதுவே முழு வைத்தியம்.

இங்கே இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அது கடல் மட்டத்தில். போடிமெட்டு உயரத்தில் சுமார் 95 டிகிரி, கொடைக்கானலில் சுமார் 93 டிகிரி போதும். இன்ஜின் ஆரோக்கியமாக ஓடும்போதே தண்ணீர் 80லிருந்து 95 டிகிரி வரை இருக்கும். அப்படியென்றால் மூடி இறுக்கமில்லாத பழைய ரேடியேட்டர் மலை உச்சிக்கு அருகே கொதிப்பது நோயே அல்ல! முதல் கியரில், காற்று வாங்காமல், முழுப் பாரத்தோடு ஏறுகிற வண்டியின் சாதாரண நிலை அது. வயதான டிரைவர்கள் ஆவியைப் பார்த்துப் பதறாமல் பீடி பற்ற வைத்ததற்கு விஞ்ஞானக் காரணம் இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் பஸ்களுக்குக் கரி வாயுக் கலன்களைத் தயாரித்தது. கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓடும், ஆனால் பலம் குறைவு. ஏற்றத்தில் இன்னும் மெதுவாக, இன்னும் கீழ் கியரில் போக வேண்டியிருக்கும். சூடு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சுதந்திரத்துக்குப் பின் வந்தது அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைப் பார்த்து, 1950களின் இறுதியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த கார். அதன் புகழ்பெற்ற 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் பிளாக்கும் இரும்பு, மேலே உள்ள ஹெட்டும் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் செம்புத் தகடும் கல்நாரும் சேர்த்துச் செய்த கேஸ்கட். இந்தக் கேஸ்கட்தான் நம் கதையில் வில்லனாகவும் பலியாகவும் வரப்போகிறது. ஒரு அட்டை அளவு தடிமன்தான். ஆனால் ஒரே சமயத்தில் மூன்று பேரைப் பிரித்து வைக்க வேண்டும்: சிலிண்டருக்குள் எரியும் நெருப்பு, சுற்றிலும் ஓடும் தண்ணீர், மேலே ஏறும் ஆயில். மூவரில் எந்த இருவர் கைகுலுக்கினாலும் வீடு நாசம்.

அம்பாசடரில் ஹெட்டும் பிளாக்கும் ஒரே உலோகம் என்பதால் சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியும், ஒரே அளவு சுருங்கும். கேஸ்கட் கொஞ்சம் மெத்தென்று இருந்ததால் சின்ன மேடுபள்ளங்களை மன்னித்துவிடும். இரும்பு ஹெட் அழியாதது என்று அர்த்தமில்லை. கொதிக்கும்போது பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் அதுவும் வெடிக்கும். விவரம் தெரிந்த டிரைவர்கள் இன்ஜினை ஆற விட்டு, ஓட விட்டபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். தெரியாதவர்கள் குடத்தோடு கவிழ்த்தார்கள். பெரும்பாலும் இருவருமே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்!

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை குறைந்த அலுமினிய ஹெட். அலுமினிய ஹெட் இந்தியாவுக்குப் புதிது இல்லை. பத்மினி எனப் பெயர் மாறிய பழைய பியட்டிலும் அதுதான் இருந்தது, அதைப் பழுது பார்த்தவர்களுக்கு அதன் குணமும் தெரியும். ஆனால் மாருதி வந்த பிறகுதான் அது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வந்தது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு 80 டிகிரி சூடேறினால் இரும்பு சுமார் 0.37 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 0.7 மில்லிமீட்டருக்கு மேல். இதை அறிந்துதான் வடிவமைக்கிறார்கள். ஆனால் எல்லை தாண்டிச் சூடேறினால், போல்ட்டுகளால் கட்டிப் போடப்பட்ட ஹெட் நேராக விரிய இடமில்லாமல் வளைந்து போகும். பல கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மில்லிமீட்டர் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு போதும், கேஸ்கட்டின் பிடி விட்டுப் போவதற்கு.

கூடவே இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியாக இருந்தது போய், ஸ்பிரிங் வைத்த அழுத்த மூடி ஆனது. பிரஷர் குக்கர் தத்துவம்தான். உள்ளே அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். 0.9 கிலோ மூடி போட்டால் சமவெளியில் சுமார் 118 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். (இந்தச் சின்ன மூடிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பெருமையான தொடர்பு உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரேடியேட்டர் மூடி உற்பத்தியைக் கைவிட்டபோது அந்த இயந்திரங்களை வாங்கி வந்து, அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கே மூடிகளைச் செய்து அனுப்பியது டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் பாஸ்ட்னர்ஸ்.)

இந்த மூடியோடு கொதிப்பின் அர்த்தமே தலைகீழாக மாறிவிட்டது. திறந்த ரேடியேட்டர் காலத்தில் தண்ணீர் குறைவது இயல்பு. மூடிய அமைப்பில் தண்ணீர் குறையவே கூடாது. ஆகவே 'தண்ணீர் இருக்கிறதா?' என்ற பழைய கேள்வி இப்போது போதாது. 'தண்ணீர் எங்கே போனது?' என்று கேட்க வேண்டும். ஊற்றிவிட்டுக் கிளம்புகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே கிளம்புகிறார். 10 கிலோமீட்டரில் மறுபடி கொதிக்கும், மறுபடி ஊற்றுவார். ஒவ்வொரு முறையும் ஹெட் கொஞ்சம் வளையும். மலை ஏறத் தொடங்கும்போது வெறும் ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்த வண்டி, இறங்கும்போது ஹெட் கேஸ்கட் போன வண்டியாக இறங்கும்!

அதற்காக, சூடேறிய உடனே "கேஸ்கட் போச்சு, ஹெட்டை இறக்கு" என்று சொல்கிற மெக்கானிக்கையும் நம்பிவிடக் கூடாது. முதலில் வெளியே பார்க்க வேண்டும். ஹோஸ் கசிகிறதா, பம்பின் அடியில் ஈரமா, ஃபேன் சுற்றுகிறதா, மூடியின் ரப்பர் கெட்டியாகிவிட்டதா? போர்வெல் உப்புத் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரில் பாதிக் குழாய் சுண்ணாம்பு படிந்து அடைந்திருக்கும். ஹைவேயில் நன்றாக ஓடி டிராபிக்கில் மட்டும் சூடேறினால் பெரும்பாலும் ஃபேன். ஏற்றத்திலும் வேகத்திலும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், அல்லது திறக்காத தெர்மோஸ்டாட். அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கி எறிவது நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு சம்பிரதாயமாகவே இருந்து வந்திருக்கிறது. நோயை விட்டுவிட்டு காய்ச்சல் மானியை உடைக்கிற வேலை அது.

இவையெல்லாம் சரியாக இருந்து தண்ணீர் மட்டும் மாயமாகிறது என்றால் அப்போது கேஸ்கட் மீது சந்தேகப்படலாம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் நுழைகிறது என்று பொருள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வரும். (சூடாக இருக்கும்போது மூடியில் கை வைத்தவர்களின் முகத் தழும்பே அவர்களுக்குச் சாட்சி.) இதை உறுதி செய்ய ஒரு நீல நிற ரசாயனத் திரவச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருக்கும் பட்சத்தில் நீலம் மஞ்சளாகும். தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினால் சைலன்சரில் வெள்ளைப் புகை, ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் தடுமாறும். ஆயிலோடு கலந்தால் ஆயில் பால் விட்ட டீ நிறமாகும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரஷன் சேர்ந்து குறைந்தால், நடுவில் இருக்கும் கேஸ்கட் சுவர் எரிந்துவிட்டது. இந்தக் கடைசி வகையில் சூடோ புகையோ இல்லாமலும் இருக்கலாம், பலம் மட்டும் போகும்.

மலைக்காரர்கள் இதில் ஏமாறவும் கூடும். கொடைக்கானல் குளிரில் காலையில் எல்லா வண்டியும் வெள்ளைப் புகைதான் விடும். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய் வரும் காரின் ஆயில் மூடிக்குள் வெண்மையாகப் படிவதும் வெறும் ஈரம்தான். இதை வைத்து ஹெட்டைக் கழற்றினால் செலவு மட்டுமே மிச்சம். இதைவிட ஆபத்தான ஏமாற்று ஒன்று இருக்கிறது. சிவப்புக்குப் போன முள் திடீரென்று கீழே இறங்கும். டிரைவர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார். உண்மையில் தண்ணீர் மொத்தமும் போய், சென்சார் வெறும் காற்றில் நிற்பதால்கூட முள் இறங்கலாம். அடுத்த வளைவில் இன்ஜின் சீஸ்.

கேஸ்கட் போய் இன்ஜின் சூடாயிற்றா, சூடாகிக் கேஸ்கட் போயிற்றா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அதனால் புதுக் கேஸ்கட் போட்டு, ஷெல்லாக் தடவி மூடிவிட்டால் வேலை முடியாது. முதல் காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஹெட்டை நேர்க்கோல் வைத்துச் சோதித்து, வளைந்திருந்தால் லேத்தில் சீவி, போல்ட்டுகளைச் சொன்ன வரிசையில் சொன்ன அழுத்தத்துக்கு முறுக்க வேண்டும். 1990களிலிருந்து பரவிய பல அடுக்கு எஃகுக் கேஸ்கட்டுகள் பழைய செம்புக் கேஸ்கட் மாதிரி மன்னிக்கிற சாதியும் அல்ல. பரப்பு கண்ணாடி போல இருக்க வேண்டும்.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடரும் நின்றது. தண்ணீர் ஊற்றிப் பிழைத்த வண்டியும், ஊற்றிக் கெட்ட வண்டியும் ஒரே வருடத்தில் விடைபெற்றன. மலைச்சாலையில் கொதித்து நிற்கும் வண்டிகளும் முன்போல் இல்லை. ஆனால் ஏதாவது ஒன்று பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றால், பின்னால் வரும் வண்டியிலிருந்து யாராவது ஒருவர் இன்றும் தண்ணீர்க் கேனோடுதான் இறங்குகிறார்.