மரபணுக் குறிகளும் கோழி விருத்தியும்

கோழியின் வளர்ச்சி லட்சணங்களை, தராசின் சாட்சியத்தை மட்டும் நம்பாது, மரபுப் பொருளில் அவற்றோடு பிணைந்து சந்ததிதோறும் இறங்கிவரும் அடையாளங்களைக் கொண்டும் தேர்ந்தெடுக்கும் முறை. காட்டுக் கோழியின் மரபுத்தொகுதி 2004-இல் வெளியானபின் இது துரிதமுற்றது. முதலாம் குரோமோசோமிலுள்ள, இன்சுலினையொத்த வளர்ச்சிக் காரணியின் மரபணு பெரிதும் ஆராயப்பட்டதாகும்.

ஆய்வுக்கூடமின்றியே கண்ணாற் காணத்தகும் குறியும் ஒன்றுண்டு. திருவனந்தபுரம் வட்டாரத்திற்குரிய மொட்டைக் கழுத்துக் கோழியில், மூன்றாம் குரோமோசோமின் மரபணு ஒன்று கழுத்திறகை நீக்கிவிடுகிறது. அஃது ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருப்பின் முன்கழுத்தில் சிறு இறகுக் கற்றை நிற்கும். இருவரிடமிருந்தும் வந்திருப்பின் அக்கற்றையும் அநேகமாக மறையும். ஆதலின் கல்லின் நரம்பறிந்து உளியிடும் சிற்பியைப்போல், கூர்ந்து நோக்கும் வளர்ப்போன் பறவையின் மரபமைப்பைக் கழுத்திலேயே படித்துக்கொள்ளலாம். இறகு குறைந்தமையால் தேகத்தின் உஷ்ணம் எளிதில் வெளியேற, கோடையிலும் தீனியும் வளர்ச்சியும் அதிகம் தளர்வதில்லை. குளிர்ப் பிரதேசத்திலோ இதுவே பாதகமாகும். இஸ்ஸத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தின் 'ஹிட்காரி' இக்கோழியின் கலப்பே.

எடை பல மரபணுக்களின் கூட்டு விளைவாதலின், ஒரு மந்தையிற் பலித்த குறி மற்றொன்றிற் பொய்ப்பதும் உண்டு.